ஓடையோரக் கருவி பேசவில்லை

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்கு மார்கழி, தை இரவுகளில் உறைபனிதான் பெருங்கவலை. குளிர்காற்று பள்ளத்தில் தங்குவதால் ஓடையோரத்தில் வெப்பமானிகளை வைத்திருக்கிறோம். அவற்றின் அளவீடுகளை விவசாயியின் கைபேசிக்கும், ஸ்பிரிங்க்ளர் மோட்டாருக்கும், பதிவேட்டுக் கணினிக்கும் சேர்க்கும் எம்க்யூடிடி (MQTT) என்ற செய்திப் பரிமாற்ற முறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வெப்பமானி ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சொல்வதில்லை. இந்த வானொலியைப் போல ஒரு தலைப்பில் வெளியிடுகிறது, வேண்டியவர் அத்தலைப்பைப் பெறப் பதிவுசெய்துகொள்கிறார். ஆனால் வானொலியில் தவறவிட்ட உரை போனதுதான். இங்கோ நடுவில் நின்று செய்திகளை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் என்ற மென்பொருள், நாம் சொல்லிவைத்தால், செய்தியைக் காத்து வைக்கும். 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க வகுத்த முறை இது. சிக்னல் விட்டுவிட்டு வரும் நம் மலைச்சரிவுக்கும் நன்கு பொருந்துகிறது.

அளவீட்டுக்கு, ஒரு முறையேனும் சேர்வதை உறுதிசெய்யும் ‘தரம் 1’ (QoS 1) என்ற சேவை நிலையையே வைக்கிறேன். அதே அளவீடு இருமுறை வந்தாலும் கேடில்லை. கடைசி அளவீட்டைப் புரோக்கர் தக்கவைத்தால் புதிதாக இணையும் கைபேசி காத்திருக்க வேண்டாம். மோட்டாருக்கான கட்டளையை மட்டும் ஒருபோதும் தக்கவைக்கக் கூடாது. மின்சாரம் போய் நண்பகலில் திரும்பினால், நள்ளிரவுக் கட்டளையைப் பெற்று மோட்டார் ஓடத் தொடங்கிவிடும்.

ஒரு தைமாத இரவில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். இரண்டு வெப்பமானிகளுக்கு ஒரே நிரலை ஏற்றியபோது கிளையண்ட் ஐடியை, அதாவது கருவி புரோக்கரிடம் சொல்லும் தன் பெயரை, மாற்ற மறந்துவிட்டேன். ஒரே பெயரில் இரண்டாவது கருவி வந்தால் புரோக்கர் முதலாவதைத் துண்டிக்கும். அது உடனே மீண்டும் இணைந்து இரண்டாவதைத் துண்டிக்கும். இரவெல்லாம் இரண்டும் ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தன, எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. விடிந்தபோது ஓடையோரச் செடிகளின் இலைகள் கருகிக் கிடந்தன. அந்தப் பாத்தி என் கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை.

செய்தி வராததைப் பனி இல்லை என்று அன்று எடுத்துக்கொண்டோம். இப்போது ஒவ்வொரு கருவியும் இணையும்போதே, தன் இணைப்பு அறுந்தால் வெளியிட வேண்டிய இறுதிச் செய்தியைப் புரோக்கரிடம் ஒப்படைக்கிறது. கருவி தான் இருப்பதைத் தெரிவிக்க வேண்டிய உயிர்ப்பு இடைவெளியை 60 நொடியாக வைத்திருப்பதால், அதன் ஒன்றரை மடங்கான 90 நொடி சத்தமின்றி இருக்கும் கருவியின் இணைப்பைப் புரோக்கர் முறித்து, ‘ஓடையோரக் கருவி பேசவில்லை’ என்று அதன் சார்பில் வெளியிடுகிறது. கைபேசியில் அந்த வரியைப் பார்த்ததும், தோட்டக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தாமே பள்ளத்துக்கு இறங்குகிறார்.