கேரளாவுல வேலை கிடைச்சா ‘பணி கிட்டி’ன்னு மட்டும் சொல்லிராதீங்க! பைனல் இயர் மக்கள் கண்டிப்பா பாருங்க

வணக்கம் மக்கா! கேரளா பார்டர்ல இருக்கிற நம்ம களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுவத்துல மலையாளத்துல போஸ்டர் ஒட்டிருந்துச்சு, அப்போ நான் பைனல் இயர், கையில ஒரு அரியர் வேற. கூட வந்தவனுக்கு மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். "தொழில்... அவசரம்"னு வாசிச்சான். லே, அவசரமா ஆள் வேணுமாம்லேன்னு ரெண்டு பேரும் அடிச்சுப் புடிச்சு ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, ரெஸ்யூம் பிரிண்ட் எடுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுத்து, வேர்த்து விறுவிறுத்து போஸ்டர்ல இருந்த நம்பருக்கு போன் போட்டா, எடுத்தவரு நிதானமா "கடைசி தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே மோனே"ன்னாரு.

மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு. தொழிலவசரம்னா வேலைவாய்ப்பு. சிரிக்காதீங்க, நீங்களும் ஓடிருப்பீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம குமரி மாவட்டத்துல படிச்சு முடிக்கப் போற பிள்ளைங்க முத வேலைய திருவனந்தபுரம் பக்கம் எப்படி தேடுறது, அதான் இன்னைக்கு வீடியோ. வரலாறு ஒரே மூச்சுல சொல்லிடுறேன்: 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர்-கொச்சி, அன்னையில இருந்து தமிழ்நாடு (அப்போ பேரு மெட்ராஸ் மாநிலம்), 1990ல திருவனந்தபுரத்துல டெக்னோபார்க் வந்துச்சு, ஐடி கம்பெனிங்க எல்லாம் ஒரே வளாகத்துல இருக்கிற இடம், இந்தியாவுலயே முத டெக்னாலஜி பார்க் அதுதான். முடிஞ்சுது.

எனக்குப் புரியாத ஒண்ணு, காலேஜ் ப்ளேஸ்மென்ட் செல்லுல இருந்து வீட்டு மாமா வரைக்கும் எல்லாரும் சென்னை, பெங்களூருன்னே சொல்லுவாங்க. நாகர்கோவில்ல இருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். களியக்காவிளைல இருந்து திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டு இருக்கிற தம்பானூர் 30 கிலோமீட்டர் சொச்சம், கேஎஸ்ஆர்டிசி பஸ் வந்துக்கிட்டே இருக்கும், டெக்னோபார்க் இருக்கிற கழக்கூட்டத்துல ரயில்வே ஸ்டேஷனே இருக்கு. சென்னைக்குப் போகாதீங்கன்னு சொல்லல, போங்க. பக்கத்து வீட்டுக் கதவ ஒரு தடவ தட்டிட்டு போங்கங்கேன்.

இப்போ எனக்கு ரொம்பப் புடிச்ச மேட்டரு. டெக்னோபார்க்ல நெறைய பில்டிங்குக்கு ஆத்துப் பேரு. பம்பா, நிளா, பெரியார், சந்திரகிரி, தேஜஸ்வினி. முத தடவ இன்டர்வியூக்கு போனப்போ செக்யூரிட்டி அண்ணன் "பெரியார் பில்டிங் தாண்டி போ"ன்னாரு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு, 1924ல வைக்கம் போராட்டத்துக்கு வந்த மனுஷன மறக்காம பேரு வெச்சிருக்காங்களேன்னு. உள்ள நண்பன்ட்ட சொன்னா அவன் சிரிச்சு உருண்டுட்டான். அது பெரியாறு மக்கா, முல்லைப் பெரியாறு இருக்குல்லா, அந்த ஆறு! அப்புறம் பவானின்னு ஒரு பில்டிங். அந்த ஆறு நீலகிரில பொறந்து, அட்டப்பாடி வழியா கேரளாவுக்குள்ள போய்ட்டு, திரும்பவும் தமிழ்நாட்டுக்கே வந்து காவிரில சேருது. காலைல கழக்கூட்டம் போய் ராத்திரி மார்த்தாண்டம் திரும்புற நம்ம பசங்க கணக்கா ஒரு ஆறு. இத நான் யார்ட்ட சொன்னாலும் "இப்போ இது எதுக்கு"ங்காங்க. எனக்குப் புடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

தேடுறது எப்படி? டெக்னோபார்க்கோட வெப்சைட்லயே வேலைக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, கம்பெனி பேரு, என்ன வேலை, கடைசி தேதி, மெயில் ஐடி எல்லாம் அதுலயே போட்டிருக்கும். அங்க உள்ள ஐடி ஊழியர்களோட அமைப்பு பிரதித்வனி, அவங்களும் வேலை போர்ட்டல் நடத்துறாங்க. கொச்சி வரைக்கும் போக ரெடின்னா அங்க காக்கநாட்டுல இன்போபார்க்னு இன்னொரு ஐடி பார்க் இருக்கு. தினமும் சாயா குடிக்கிற நேரத்துல ஒரு தடவ பாருங்க. கோடிங் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, டெஸ்டிங், சப்போர்ட், அக்கவுண்ட்ஸுக்கும் ஆள் எடுப்பாங்க.

மெயில் அனுப்புறதுல நான் பண்ணின கூத்து ஒண்ணு இருக்கு. ராத்திரி ரெண்டு மணி, தூக்கம் வரல, பதினாலு கம்பெனி மெயில் ஐடியவும் ஒரே மெயில்ல சிசில போட்டு, "உங்க கம்பெனிலதான் வேலை பாக்கணும்ங்கிறது என் கனவு"ன்னு எழுதி அனுப்பிட்டேன். பதினாலு பேருக்கும் மத்த பதிமூணு கனவும் தெரியுது! பைல் பேரு வேற "நியூ ரெஸ்யூம் பைனல் பைனல் 3". ஒரே ஒரு ஹெச்ஆர் மட்டும் பதில் போட்டாங்க, "ஆல் தி பெஸ்ட் டு ஆல் ஆஃப் அஸ்"னு. அதனால ஒரு கம்பெனிக்கு ஒரு மெயில், சப்ஜெக்ட்ல வேலையோட பேரு, பைலுக்கு உங்க பேரு. அஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும்.

அப்புறம் ட்ரெயினிங் பீஸ், டெபாசிட்னு காசு கேட்டா பேக்க தூக்கிட்டு கெளம்பிருங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வெச்சுக்கிறோம்னாலும் அதேதான்.

பாஷைய பத்தி பயப்படாதீங்க. எனக்கு நடந்த ரெண்டு மூணு இன்டர்வியூவும் இங்கிலீஷ்லதான். சீரியல் பாத்து, சொந்தக்காரங்கட்ட பேசிக் கத்துக்கிட்ட மலையாளம் உங்க வாய்ல இருந்தா ரெஸ்யூம்ல மொழிகள் இருக்கிற இடத்துல "பேசுவேன்"னு போடுங்க, வாசிக்கத் தெரியாதுன்னா "வாசிப்பேன்"னு போடாதீங்க. முக்கியமான வார்த்தை ஒண்ணு ரெண்டு மொழிலயும் ஒண்ணுதான்: சம்பளம்!

இப்போ டைட்டில் மேட்டரு. எனக்கு ஆபர் லெட்டர் வந்த அன்னைக்கு ஹாஸ்டல் வாசல்ல அங்க உள்ள சேச்சி, அதாவது அக்கா, நின்னாங்க. தமிழ்ல பணின்னா வேலைதான, அந்த தைரியத்துல "சேச்சி, எனிக்கு பணி கிட்டி!"ன்னு கத்துனேன். சேச்சி கையில இருந்த தொடப்பத்த கீழ போட்டுட்டு ஓடி வந்து "அய்யோ, எந்து பற்றி மோனே?"ங்கிறாங்க, என்ன ஆச்சு மக்களேன்னு. அந்த ஊர்ப் பேச்சுல பணி கிட்டின்னா வசமா மாட்டிக்கிட்டேன்னு அர்த்தமாம். வேலை கிடைச்சுதுன்னா "ஜோலி கிட்டி"ன்னு சொல்லணும். அட, நம்ம வீட்டுல பாட்டி "சோலியப் பாருலே"ன்னு தினமும் சொன்ன வார்த்தை!

ஆபர் லெட்டர காட்டுனதும் சேச்சி வாங்கிப் பாத்தாங்க. சம்பளம் போட்டிருந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, "மோனே, நீ ஆத்யம் பறஞ்ஞதுதன்னெ செரி"ன்னாங்க. முதல்ல சொன்னதுதான் கரெக்டாம்.

உங்க முத சம்பளம் எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க மக்கா, சேச்சிட்ட வாசிச்சுக் காட்டுறேன்.