கவுன்சில் டாக்ஸ் ஏறுது, லைப்ரரி ஏன் பூட்டுப்படுது?

வணக்கம் நேயர்களே. கூப்பிட்டு கதைக்க இடம் தந்ததுக்கு முதல்ல நன்றி. நான் லண்டன்ல ஒரு பரோ கவுன்சிலின்ர, அதாவது நகரத்தின்ர ஒரு பகுதியை நடத்துற உள்ளூராட்சி சபையின்ர, நிதிப் பிரிவில கன வருஷம் வேலை செய்தனான், இப்ப ஓய்வு. பட்ஜெட் காலத்தில இரவு ஒன்பது பத்து மணி வரைக்கும் எக்செல் தாளோட இருந்த ஆள். அதால இண்டைக்கு நான் சொல்லப்போறது பேப்பரில படிச்சது மட்டும் இல்லை.

மார்ச் மாசம் வந்தா எங்கட சனத்தின்ர வட்ஸ்அப் குரூப் எல்லாத்திலயும் ஒரே கதைதான். கவுன்சில் டாக்ஸ், அதுதான் வீட்டுக்கு வாற உள்ளூர் வரி, பில் வந்திட்டுது, திரும்பவும் ஏறிட்டுது, றோட்டில குழி அப்பிடியே கிடக்கு, லைப்ரரி வாரத்தில ரெண்டு நாள் பூட்டு, அப்ப இவை எங்கட காசைக் கொண்டுபோய் என்னதான் செய்யினம் எண்டு கேக்கினம். நியாயமான கேள்வி, நானும் வரி கட்டுற ஆள்தான்.

எங்கட றோட்டில ஒரு ஆச்சி இருக்கிறா, எண்பத்தேழு வயசு, பிள்ளையள் ஆளுக்கொரு நாட்டில. காலமை ஏழரைக்கு ஒரு கெயாரர் பெண் வந்து எழுப்பி, முகம் கழுவி, கோப்பியும் ரெண்டு துண்டு டோஸ்ட்டும் குடுத்து, குளிசையை எண்ணி வைச்சிட்டு ஓடுவா, மத்தியானம் இன்னொருத்தர், பின்னேரம் இன்னொருத்தர், படுக்க வைக்க இரவு ஒருத்தர். ஒரு நாளைக்கு நாலு தரம், வருஷம் முழுக்க. உங்கட பில்லின்ர பெரிய பங்கு போறது இந்தக் கதவுக்குள்ளதான். வயசு போன ஆக்கள், மாற்றுத்திறனாளிகள், பெற்றாரிட்ட இருந்து பிரிச்சு பாதுகாப்பில வைச்சிருக்கிற பிள்ளையள், இவையளுக்கு செலவழிக்கிறது மட்டுமே இப்பிடியான கவுன்சிலுகளின்ர காசில மூண்டில ரெண்டு பங்குக்கு கிட்ட வருது. இது சட்டக் கடமை, காசில்லை எண்டு கையை விரிக்கேலாது, கோர்ட்டுக்கு இழுப்பினம். லைப்ரரிக்கும் சட்டம் இருக்கு, ஆனா எத்தினை கிளை, எத்தினை மணித்தியாலம் எண்டு அது சொல்லேல்லை. பார்க், இளைஞர் நிலையம் எல்லாம் அதிலயும் கீழ. அப்ப வெட்டு எங்க விழும்? நீங்கள் நாளாந்தம் கண்ணால பாக்கிற இடத்திலதான் விழும். ஆச்சியின்ர வீட்டுக்குள்ள நடக்கிறதை நீங்கள் காணேல்லை, லைப்ரரிப் பூட்டைத்தான் காணுறீங்கள்.

சரி, காசு எப்ப குறைஞ்சது? 2010இல சிக்கன நடவடிக்கை எண்டு தொடங்கினவை. 2010க்கும் 2018க்கும் இடையில மத்திய அரசு இங்கிலாந்து கவுன்சிலுகளுக்கு குடுத்த காசு, விலைவாசியைக் கழிச்சுப் பாத்தா, கிட்டத்தட்ட பாதியாப் போச்சுது எண்டு தேசிய கணக்காய்வு அலுவலகமே சொன்னது. பாதி! ஒரு வீட்டில வருமானத்தின்ர பெரிய பங்கு பாதியாகி, அதே நேரம் வீட்டில நோயாளியும் கூடினா என்ன நடக்கும்?

வரியைக் கூட்டலாமே எண்டால் அதுக்கும் கட்டு. சமூகப் பராமரிப்பு பாக்கிற பெரும்பாலான கவுன்சிலுகள் ஒரு வருஷத்தில 5 வீதமோ அதுக்கு மேலயோ கூட்ட வேணுமெண்டா ஊரில வாக்கெடுப்பு வைக்க வேணும், இல்லாட்டி மத்திய அரசின்ர மந்திரியிட்ட விசேஷ அனுமதி எடுக்க வேணும். அந்த வரியே ஒரு பழைய வரி, இங்கிலாந்தில உங்கட வீடு எந்த பாண்ட், அதாவது எந்த வரிப் படி, எண்டு தீர்மானிக்கிறது 1991 ஏப்ரலில அந்த வீடு என்ன விலை போயிருக்கும் எண்டதை வைச்சு. நேற்று கட்டின வீட்டுக்கும் 1991 விலையை ஊகிச்சுத்தான் போடினம். திருப்பி மதிப்பிட ஒரு அரசாங்கத்துக்கும் துணிவில்லை, ஏனெண்டா போல் டாக்ஸ் எண்டு ஆளுக்கு ஆள் தலைக்குப் போடுற வரி ஒண்டு கொண்டுவந்து 1990இல டிரஃபால்கர் சதுக்கத்தில கலவரம் வெடிச்சு, அந்த வருஷக் கடைசியில பிரதமர் தாட்சரே வீட்டுக்குப் போனவ, அந்த சூடு இன்னும் ஆறேல்லை. இதின்ர விளைவைப் பாருங்கோ, வெஸ்ட்மின்ஸ்டரில ஆகப் பெரிய எச் பாண்ட் மாளிகைக்கு வாற பில், நொட்டிங்ஹாமில ஒரு நடுத்தர டி பாண்ட் வீட்டுக்கு வாற பில்லை விடக் குறைவு. 2 மில்லியன் பவுண்ஸுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 2028இல இருந்து மேலதிக வரி எண்டு அறிவிச்சிருக்கினம், ஆனா அந்தக் காசும் மத்திய அரசுக்குத்தான் போகுது.

ஏழை ஊர் தன்ர ஏழையளைத் தானே சுமக்கிறது இந்த நாட்டில புதுசு இல்லை. 1921இல கிழக்கு லண்டன் பொப்லர் கவுன்சில் இதே பிரச்சினையில லண்டன் கவுண்டிக்கு கட்ட வேண்டிய காசைக் கட்டமாட்டம் எண்டு நிண்டு, முன்னுக்கு நிண்ட ஜோர்ஜ் லான்ஸ்பரியோட சேர்த்து 30 கவுன்சிலர்மார் ஜெயிலுக்குப் போனவை. ஆறு கிழமை உள்ள இருந்தவை, பிறகு பணக்கார பரோவும் சேர்ந்து சுமக்கிற மாதிரி சட்டமே மாறினது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில ஒரு வெள்ளைக்கார மேலதிகாரிதான் எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர், அண்டையில இருந்து பட்ஜெட் தாளை நான் வேற கண்ணோட பாக்கத் தொடங்கினன்.

இன்னும் ரெண்டு பாரம் இருக்கு. வீடில்லாத குடும்பத்துக்கு தற்காலிக இடம் குடுக்கிறது கவுன்சிலின்ர கடமை. அதுக்கு 2023-24இல இங்கிலாந்து கவுன்சிலுகள் செலவழிச்சது 2 பில்லியன் பவுண்ஸுக்கு மேல, ஆனா மத்திய அரசு திருப்பித் தாற தொகையை இன்னும் 2011 வாடகையை வைச்சுத்தான் கணக்குப் போடுது. 2011இல லண்டன்ல ஒரு ஃபிளாட் என்ன வாடகை, இப்ப என்ன வாடகை எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மிச்சம் முழுக்க கவுன்சிலின்ர தலையில. மற்றது விசேஷ தேவையுள்ள பிள்ளையள். 2015இல 2,40,000 பேருக்கு இருந்த, சட்டப்படி உதவி குடுக்க வேண்டிய தனிக் கல்வித் திட்டம் 2025இல 6,38,000ஐத் தாண்டிட்டுது. அந்தப் பிள்ளையளுக்கு அது கிடைக்கத்தான் வேணும், அதில எனக்கு ரெண்டாம் கருத்தே இல்லை. ஆனா அதுக்கு வாற காசு காணாமல் கவுன்சிலுகளுக்கு ஏறின கடனை கணக்குப் புத்தகத்தில ஒரு பக்கத்தில ஒதுக்கி வைக்கச் சொல்லி 2028 மார்ச் வரைக்கும் அரசு தவணை குடுத்திருக்கு. ஒதுக்கி வைச்சாலும் கடன் கடன்தான், வட்டி ஏறும்.

இப்ப நீங்கள் நியூஸில கேக்கிற செக்ஷன் 114. கவுன்சில் கம்பனி மாதிரி திவாலாகேலாது, ஆனா வரவுக்கு மிஞ்சி செலவு போகப்போகுது எண்டு தெரிஞ்சா நிதித் தலைவர் 1988ம் ஆண்டுச் சட்டப்படி அந்த நோட்டீஸை எழுத வேணும், எழுதின உடன புதுச் செலவு நிக்கும், 21 நாளுக்குள்ள கவுன்சில் கூட வேணும். 2018இல நோர்தாம்டன்ஷயர், பிறகு குரொய்டன், ஸ்லவ், தரொக், வோக்கிங், பேர்மிங்ஹாம், நொட்டிங்ஹாம்.

இதில எல்லாப் பிழையும் மத்திய அரசில எண்டு நான் சொல்ல மாட்டன், அது பொய். வோக்கிங்கைப் பாருங்கோ. ஒரு லட்சம் பேர் அளவில இருக்கிற ஊர், மலிவு வட்டிக்கு அரசிட்டயே கடன் எடுத்து, வானுயர மாடிகளும் ஒரு ஹில்டன் ஹொட்டேலும் கட்டி, 2023 ஜூனில 1.2 பில்லியன் பவுண்ஸ் துண்டு விழுகுது எண்டு நிண்டது. கட்சி எதெண்டாலும் அது பெருந்தவறு. ஆனா அவையைக் கவனிக்க ஆள் எங்க? கவுன்சிலுகளின்ர கணக்கைப் பாக்கிறதுக்கெண்டு இருந்த ஓடிட் கொமிஷனை 2015இல மூடினவை, பிறகு கணக்காய்வு தனியார் கம்பனியளிட்ட. 2022-23 கணக்கில உரிய திகதிக்குள்ள ஓடிட் முடிஞ்சது நூற்றுக்கு ஒண்டு. கணக்கைப் பாத்துப் பழகின ஆளுக்கு இதைக் கேக்கவே வயித்தைக் கலக்கும்.

பேர்மிங்ஹாம் கதை வேற மாதிரி. ஸ்கூல் சமையல், கிளீனிங், கெயார் வேலை செய்த பொம்பிளையளுக்கு, அதே தரத்தில இருந்த குப்பை அள்ளுற ஆம்பிளையளுக்கு குடுத்த போனஸ் குடுக்கேல்லை. 2012இல உச்ச நீதிமன்றமே அந்தப் பொம்பிளையள் வழக்குப் போடலாம் எண்டு சொன்னது, அதுக்குப் பிறகும் முழுசாத் திருத்தேல்லை, 2023இல அந்தக் கடன் 650இல இருந்து 760 மில்லியன் பவுண்ஸ் எண்டு மதிப்பிட்டவை. அதுக்கு மேல ஒரு கொம்பியூட்டர் சிஸ்டத்தில கொட்டின காசு. அடுத்த வருஷம் கவுன்சில் டாக்ஸ் 10 வீதம், அதுக்கடுத்த வருஷம் 7.5 வீதம் ஏறினது, 2025 மார்ச்சில குப்பைத் தொழிலாளர் முழு வேலைநிறுத்தத்தில இறங்கி றோட்டில 17,000 டன் குப்பை குவிஞ்சது. ஏழைப் பொம்பிளையளுக்குக் குடுக்காமல் விட்ட சம்பளம், கடைசியில அதே ஏழை ஊரின்ர தலையிலதான் விழுந்தது. இது எனக்கு மனசுக்கு மிச்சம் கஷ்டமான விஷயம்.

அரசு என்ன செய்யுது? 2025-26க்கு 30 கவுன்சிலுக்கு விசேஷ உதவி எண்டு அறிவிச்சது. அதில பெரும்பங்கு கை நீட்டிக் குடுத்த காசில்லை, சாதாரண செலவுக்கு கடன் எடுக்கவும் சொத்து விக்கவும் அனுமதி. அடுப்பெரிக்க கூரையைப் பிடுங்குற வேலை. இன்னொரு பக்கம் சின்னக் கவுன்சிலுகளை ஒண்டாக்கினம். வோக்கிங் இருக்கிற சரே கவுண்டியில உள்ள கவுன்சிலுகள் எல்லாம் சேர்ந்து கிழக்கு, மேற்கு எண்டு ரெண்டே ரெண்டாகுது, வோக்கிங் மேற்குப் பக்கம், அதின்ர கடனில அரசு 500 மில்லியன் கட்டுறன் எண்டு சொல்லியிருக்கு, மிச்சக் கடனை கில்ட்ஃபர்ட்டில இருக்கிற சனமும் சுமக்குமோ எண்டு அங்க பெரிய பதட்டம்.

சனத்தின்ர கோவம் வாக்கில தெரியுது. 2025 மேயில ரிஃபோர்ம் கட்சி கென்ட் உட்பட 10 கவுன்சிலைப் பிடிச்சது. யார் வந்து இருந்தாலும் அந்த ஆச்சியின்ர வீட்டுக்கு நாலு தரம் ஆள் போகத்தான் வேணும், சட்டம் மாறாட்டி கணக்கும் மாறாது.

எங்கட ஆக்களுக்கு ஒண்டு. இங்க சட்டப்படி இருக்கிற இலங்கை, இந்தியப் பிரஜையள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாட்டியும் கொமன்வெல்த் எண்ட முறையில உள்ளூராட்சித் தேர்தலில வாக்குப் போடலாம். கன பேருக்கு இது தெரியாது, பேரைப் பதியுங்கோ. டிசம்பர் ஜனவரியில கவுன்சில் பட்ஜெட் பற்றிக் கருத்துக் கேக்கும், அதையும் நிரப்புங்கோ, நான் அந்த பதில்களை வாசிச்ச ஆள், ஒரு றோட்டில இருந்து பத்துப் பேர் எழுதினாலே மேசையில அது தெரியும்.

ஒருக்கா எங்கட வெட்டு லிஸ்ட்டில ஒரு சின்ன ஐட்டம் இருந்தது, ஒரு ஸ்கூல் முன்னால பிள்ளையளுக்கு றோட்டைக் கடக்க உதவுற லொலிபொப் லேடி. சில ஆயிரம் பவுண்ஸ்தான். தாய்மார் கையெழுத்துச் சேர்த்துக் கொண்டுவந்து கூட்டத்தில கத்தினவை, அதை லிஸ்ட்டில இருந்து எடுத்திட்டம், எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டு வருஷத்தால அந்த அம்மா ஓய்வுக்குப் போனா, புது ஆளை எடுக்கேல்லை, அதுக்கு ஒரு கூட்டமும் தேவைப்படேல்லை. அந்தச் சந்தியில இப்ப காலமையில ரெண்டு தாய்மார் மாறி மாறி மஞ்சள் ஜக்கெட் போட்டுக்கொண்டு நிக்கினம்.