சட்டமே பெருந்துணை: கடலூர்ப் பட்டிமன்ற உரை

மாண்புமிகு நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மஞ்சக்குப்பத்தில் இந்த மாலைப்பொழுதில் அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். "குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குப் பெருந்துணை சட்டமா, சுற்றமா?" என்ற தலைப்பில், சட்டமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். நள்ளிரவில் அடிபட்டுப் பிள்ளையோடு வெளியே வருகிற பெண்ணுக்குக் கதவைத் திறப்பது தாய்மாமன் வீடா, நீதிமன்றமா என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். தாய்மாமன் வீடுதான், ஐயமில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தத் தாய்மாமன் என்ன செய்கிறார்? மாப்பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போய், "சின்னஞ்சிறுசுகள், நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்கிறார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு "இனிமேல் நடக்காது" என்கிறார். "அனுசரிச்சுப் போம்மா" என்று அந்தப் பெண் அதே வீட்டுக்குள் திருப்பி அனுப்பப்படுகிறாள். தாய்மாமன் கெட்டவர் அல்லர். அவரால் கெஞ்ச முடியும், கோபிக்க முடியும், உத்தரவிட முடியாது. இதுதான் எங்கள் அணியின் வாதத்துக்கு அடித்தளம்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் திருமணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 77 விழுக்காட்டினர் யாரிடமும் உதவி கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. உதவி கேட்ட அந்தச் சிலரும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்குத்தான். காவல் நிலையத்துக்குப் போனவர்கள் மிகச் சொற்பம். நடுவர் அவர்களே, சுற்றம் தேர்வெழுதி முடித்து முடிவும் வந்துவிட்டது. சட்டத்தின் கையில் இன்னும் கேள்வித்தாளே கொடுக்கப்படவில்லை.

சரி, சட்டம் என்னதான் தருகிறது? 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், மனைவியைக் கணவரோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498-அ பிரிவு வந்தது. அதே குற்றம் 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் இருக்கிறது. அது கொடுமை செய்தவரைத் தண்டிக்கும் சட்டம். அவர் சிறைக்குப் போகலாம். ஆனால் அன்றிரவு அந்தப் பெண் எங்கே படுப்பாள் என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது: பட்டா யார் பெயரில் இருந்தாலும், தனக்கு அதில் எந்தச் சொத்துரிமையும் இல்லாவிட்டாலும், தான் வாழ்ந்த பகிர்வு இல்லத்தில் வசிக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு, சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது. "வீடு என் அப்பா பெயரில் இருக்கிறது, வெளியே போ" என்று சொல்லித் தப்பிக்கும் வழி சில காலம் இருந்தது; 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அப்படிக் குறுக்கிப் பொருள் கொண்டிருந்தது. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரியல்ல என்று சொல்லி, மாமனார் பெயரில் உள்ள வீடும் பகிர்வு இல்லமாகலாம் என்று திருத்தியது. மாமனார் மாமியாரின் முதுமைக்கும் நீதிமன்றம் இடம் வைத்திருக்கிறது; இரண்டையும் சீர்தூக்கித்தான் உத்தரவு போட வேண்டும் என்கிறது. அந்த வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகையைக் கொடு என்று கணவனுக்கு ஆணையிட 19ஆம் பிரிவு வழி செய்கிறது. எந்தச் சித்தப்பாவால், எந்த நாட்டாமையால் இப்படி ஓர் ஆணையைப் பிறப்பிக்க முடியும்?

இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர், பெண்ணின் முறையீட்டைப் பதிவுசெய்ய நிரப்பும் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவத்தை எதிரணி நண்பர்கள் ஒருமுறை கையில் வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். உடலில் எந்த வகையிலாவது காயப்படுத்தினார்களா என்று அது கேட்கிறது. அதோடு நிற்கவில்லை. வரதட்சணை கொண்டுவரவில்லை என்று இழிவாகப் பேசினார்களா? ஆண்பிள்ளை பெறவில்லை என்று குத்திக் காட்டினார்களா? சாப்பாட்டுக்கு, துணிக்கு, மருந்துக்குப் பணம் தர மறுத்தார்களா? வேலைக்குப் போகவிடாமல் தடுத்தார்களா? உன் கூலியைப் பிடுங்கிக்கொண்டார்களா? பண்ருட்டிப் பக்கம் நாளெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்து, அந்த எண்ணெயில் விரல் நுனி கருத்து, வாரக்கூலியை வாங்கிய கையோடு கணவனிடம் இழந்துவிடுகிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் அம்மா அதை "ஆம்பிளைன்னா அப்படித்தான்" என்பாள். படிவம் அதைப் பொருளாதார வன்முறை என்று ஒரு கட்டத்தில் குறித்துக்கொள்கிறது. ஊர் வழக்கம் என்று பழகிப்போன ஒன்று அந்தக் கட்டத்தில் ஒரு குறி விழுந்ததும் முறையீடாகிவிடுகிறது.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். கடலூரில் பெண் எடுக்கிற புதுவைக் குடும்பங்கள் எத்தனை, பாகூரில் வாக்கப்பட்ட நம் பிள்ளைகள் எத்தனை! முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு காவல்துறை. அங்கே அடிபட்டுப் பேருந்து ஏறி இங்கே அம்மா வீட்டுக்கு வந்தவளிடம், "சம்பவம் நடந்தது அங்கே, அங்கேயே போய்ப் புகார் கொடும்மா" என்று கைவிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் கைவிரிக்கவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் முன்பே மனுப் போடலாம் (இந்த மேடையின் நடுவரைச் சொல்லவில்லை, அவருக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை). அந்த நடுவர் இடும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். 498-அ வழக்கையும் பெண் தஞ்சம் புகுந்த ஊரிலேயே தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தெளிவாக்கிவிட்டது. விட்டுவிட்டு வந்த மதிப்பெண் சான்றிதழ், போட்ட நகை, பிள்ளைக்கான செலவு ஆகியவற்றையும் அதே மனுவில் கேட்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண் என்பதாலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெற அவளுக்கு உரிமை உண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், மருத்துவம், ஆலோசனை, தற்காலிகத் தங்கல் ஆகியவற்றை ஓரிடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையமும் இதே ஏற்பாட்டின் கைகள்தாம். இரவில் கதவைத் திறக்க ஆளில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், சட்டம் வந்தால் குடும்பம் உடையும், பொய் வழக்குகள் பெருகும் என்றார். பொய் வழக்கு எந்தச் சட்டத்தில் இல்லை? செக் மோசடி வழக்கில் இல்லையா, நில வழக்கில் இல்லையா? ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டவுடன் யாரும் கைதாவதில்லை. இது அடிப்படையில் உரிமையியல் நிவாரணம். எதிர்மனுதாரர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. அடிக்காதே, வீட்டைவிட்டு விரட்டாதே, செலவுக்குக் கொடு என்பதுதான் உத்தரவு. இதைக் கேட்டு உடைகிற குடும்பம், அந்த உத்தரவு வருவதற்கு முன்பே உடைந்த குடும்பம்.

தாமதம் பற்றிய குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. முதல் விசாரணை மூன்று நாட்களுக்குள், முடிவு 60 நாட்களுக்குள் என்பது சட்டத்தின் நோக்கம். நடப்பு அப்படி இல்லை. பாதுகாப்பு அலுவலருக்கு வேலை மிகுதி, வாய்தா மேல் வாய்தா. இது சட்டத்தைச் செயல்படுத்த ஆளும் நிதியும் கேட்க வேண்டிய காரணமே தவிர, பெண்ணைப் பெரியவர்களின் சமரசத்துக்குத் திருப்பி அனுப்பக் காரணம் ஆகாது. அதற்குள் இடைக்கால உத்தரவு கேட்க, எதிர்த்தரப்பு வராவிட்டாலும் உத்தரவு பெற, 23ஆம் பிரிவு இருக்கிறது.

திருவதிகையில் திலகவதியார் சூலை நோயோடு வந்த தம்பி திருநாவுக்கரசரை ஏற்றுக் காத்ததைச் சொல்லி, சுற்றத்தின் பெருமைக்கு நம் மண்ணே சாட்சி என்றார்கள் எதிரணியினர். அழகான சான்றுதான். ஆனால் அந்த அம்மையார் தமக்கென ஒரு மடத்தில் இருந்தார். யாரும் அவரை வெளியேறச் சொல்ல முடியாத இடம் அது. அத்தகைய இடம் இருந்ததால்தான் அவரால் இன்னொருவருக்கு அடைக்கலம் கொடுக்க முடிந்தது. 17ஆம் பிரிவு கேட்பதும் அதே இடத்தைத்தான்.

இறுதியாக, எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் விடை சொல்ல ஒரு கேள்வியை வைக்கிறேன். பாதுகாப்பு உத்தரவு பெற்று அம்மா வீட்டில் இருக்கும் பெண்ணின் வாசலில் அவன் மறுபடி வந்து நிற்கிறான். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க, பிணையில் விட முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவளின் ஒற்றைச் சாட்சியத்தை வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். இது 31, 32 பிரிவுகள். உங்கள் சுற்றம் அந்த வாசலில் அவனை என்ன சொல்லித் திருப்பி அனுப்பும், அவன் திரும்பவில்லை என்றால் அடுத்து என்ன செய்யும்?