மேனேஜர் கால் மணி நேரத்துக்கு ஒருதடவை "எனி அப்டேட்?"னு கேட்டா என்ன பண்றது

(திரையில்: ஒரு சாட் விண்டோ, மெசேஜ் ஒவ்வொண்ணா வந்து விழுது)

காலைல 10:05, "எனி அப்டேட்?" 10:20, "ஹலோ". 10:22, வெறும் கேள்விக்குறி. 10:30க்கு போனே வந்துடும், "என்னப்பா, பிங் பண்ணேனே, பாக்கலையா?" நீங்க அந்த நேரம் முழுக்க அவரு குடுத்த வேலையத்தான் பாத்துட்டு இருந்திருப்பீங்க, ஆனா "பாத்துட்டு இருக்கேன் சார்"னு டைப் பண்றதுக்கே பாதி காலை போயிருக்கும். இப்படி ஒரு ஆளுகிட்ட மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் இந்த வீடியோ. நான் சொல்ற உதாரணம் எல்லாம் சென்னை ஓஎம்ஆர் பக்கம் இருக்கிற ஐடி சர்வீஸ் கம்பெனி மாதிரி இடத்துல நடக்கறது, ஆனா பேங்க், ஆடிட் ஆபீஸ்னு எங்க இருந்தாலும் முக்காவாசி பொருந்தும்.

மொதல்ல ஒண்ண பிரிச்சிடலாம். கிட்ட இருந்து கவனிக்கறவங்க எல்லாருமே மைக்ரோமேனேஜர், அதாவது ஒவ்வொரு சின்ன விஷயத்துலயும் மூக்க நுழைக்கறவரு, இல்ல. நீங்க ப்ராஜெக்ட்டுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுதுன்னா, ஒவ்வொரு கோட் மாத்தத்தையும் லீட் பாத்துட்டுத்தான் விடணும், அது அவரோட வேலை. அதே மாதிரி ப்ரொடக்ஷன், அதாவது கிளையண்ட் நேரடியா பயன்படுத்தற சிஸ்டம், விழுந்து பி-ஒன் டிக்கெட் (ரொம்ப அவசரப் புகார்) ஓபனாகி எல்லாரும் சேர்ந்து பேசற பிரிட்ஜ் கால் ஓடிட்டு இருக்கும்போது அரைமணிக்கு ஒருதடவ அப்டேட் கேக்கறாங்கன்னா அதுல தப்பே இல்ல, அந்தப் பக்கம் கிளையண்ட்டோட பிசினஸ் நின்னு கிடக்கு. இன்டெல் கம்பெனிய நடத்தின ஆண்டி குரோவ் இத அழகா சொல்லிருக்காரு: ஒருத்தர எவ்ளோ கிட்ட இருந்து பாக்கணும்ங்கறது அந்த ஆள பொறுத்தது மட்டும் இல்ல, அந்தக் குறிப்பிட்ட வேலைல அவருக்கு எவ்ளோ பழக்கம்ங்கறத பொறுத்தது. பத்து வருஷ அனுபவம் இருக்கறவரா இருந்தாலும் புதுசா ஒரு வேலைய எடுத்தா கொஞ்ச நாள் கூடவே இருந்து பாக்கணும்.

பிரச்சன எப்போன்னா, மூணு வருஷமா நீங்களே பண்ணிட்டு இருக்கிற ரிலீஸுக்கு, போன மாசமும் ஒழுங்கா போன ரிலீஸுக்கு, மெயில் டிராஃப்ட்ட காட்டு, அந்த டேபிள்ல ஹெட்டர் கலர மாத்து, "ப்ளீஸ் ஃபைண்ட்" வேணாம் "கைண்ட்லி ஃபைண்ட்"னு போடுன்னு வந்து நிக்கும்போதுதான். பைக்ல பின்னாடி உக்காந்துட்டு "பாத்து போ, பிரேக்க புடி, லாரி வருது"னு சொல்லிட்டே வர்றவங்க இருக்காங்கல்ல, அதேதான், கொஞ்ச நேரத்துல ஓட்டத் தெரிஞ்சவனுக்கே கை நடுங்க ஆரம்பிச்சிடும்.

கை நடுங்கும்னு சும்மா பேச்சுக்கு சொல்லல.

(திரையில்: ஒரு நேர்ப்பாதை, பக்கத்துல திருப்பம் இருக்கிற ஒரு பாதை, ரெண்டுலயும் ஒரு கரப்பான்பூச்சி)

ராபர்ட் ஸாயோன்ஸ்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், 1969ல கரப்பான்பூச்சிய வெச்சு ஒரு சோதனை பண்ணாரு. ஆமா, கரப்பான்பூச்சிதான். வெளிச்சம் அடிச்சா அது இருட்டப் பாத்து ஓடும், அந்த ஓட்டத்த வேற கரப்பான்பூச்சிங்க பக்கத்து டப்பால இருந்து வேடிக்கை பாக்கற மாதிரி வெச்சாரு. நேரா ஓடற பாதைன்னா, பாத்துட்டு இருக்கும்போது இன்னும் வேகமா ஓடுச்சு. ஆனா திரும்பி வழி கண்டுபிடிக்க வேண்டிய பாதைன்னா, பாத்துட்டு இருக்கும்போது மெதுவாயிடுச்சு. மனுஷங்ககிட்டயும் பெரும்பாலும் இதே கததான்: கை பழகின வேலைக்கு யாராவது பாத்தா வேகம் கூடும், யோசிச்சு பண்ற வேலைக்குக் குறையும். நம்ம வேலை எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும். கோட்ல தப்பு தேடி டீபக் பண்ணும்போது பின்னாடி ஒருத்தர் வந்து நின்னா, தெரிஞ்ச கமாண்டே மறந்து போகுதுல்ல.

உடம்பையும் விட்டு வைக்காது. லண்டன்ல 1985ல இருந்து பத்தாயிரத்துக்கும் மேல அரசு ஊழியர்கள வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணாங்க, ஒயிட்ஹால் ஆய்வுன்னு சொல்வாங்க, மைக்கேல் மார்மட் தலைமையில. தன் வேலைய எப்படி செய்யணும்னு தானே முடிவு பண்ற உரிமை கம்மியா இருந்தவங்களுக்கு இதய நோய் அதிகமா வந்துருக்கு. அதனால "சம்பளம் வருதுல்ல, பொறுத்துக்கோ"னு வீட்ல சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க.

சரி, அவரு ஏன் இப்படி இருக்காரு?

இது புது வியாதி எல்லாம் இல்ல. அமெரிக்கால ஃப்ரெட்ரிக் டெய்லர்னு ஒருத்தர், தொழிலாளி கைய எப்படி அசைக்கணும்னு வரைக்கும் மேனேஜ்மென்ட்தான் முடிவு பண்ணணும்னு சொன்னவரு. 1911ல வாட்டர்டவுன்ங்கற இடத்துல இருந்த ராணுவத் தொழிற்சாலைல அவரோட முறைப்படி ஸ்டாப்வாட்ச்ச எடுத்துட்டு வந்து வார்ப்பு வேலை செய்யறவங்க பக்கத்துல நின்னாங்க, வேலையப் போட்டுட்டு வெளிய போய்ட்டாங்க தொழிலாளிங்க. விஷயம் அவங்க நாடாளுமன்றம் வரைக்கும் போய் விசாரணையே நடந்துச்சு. இன்னிக்கு ஸ்டாப்வாட்ச்சுக்குப் பதிலா டீம்ஸ் சாட் ஆப்ல பச்சைப் புள்ளி. அஞ்சு நிமிஷம் மவுஸ அசைக்கலன்னா மஞ்சளாயிடும், உடனே "எங்க போன?"

ஆனா டெய்லருக்கு இருந்த மாதிரி கொள்கை எல்லாம் உங்க மேனேஜருக்கு இருக்காது, அவருக்கு இருக்கறது பயம். நல்லா கோட் அடிச்சாருன்னு லீட் ஆக்கிருப்பாங்க, ஆள நடத்த யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. நேத்து வரைக்கும் அவரு கைல இருந்த வேலை இன்னிக்கு உங்க கைல இருக்கு, ஆனா எஸ்கலேஷன், அதாவது மேலிடம் வரைக்கும் புகார், வந்தா திட்டு வாங்கப் போறது அவருதான். அதுலயும் மணிக்கணக்குல பில்லிங் போற ப்ராஜெக்ட்டுன்னா சொல்லவே வேணாம், "அந்த 6 மணி நேரம் எதுக்குப் போச்சு"னு கிளையண்ட் கேட்டா அவரு பதில் வெச்சிருக்கணும்.

இந்த வீடியோல ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டா இத எடுத்துக்கோங்க: உங்க மேனேஜர் யாருக்கு, எத்தன மணிக்குப் பதில் சொல்றாருன்னு கண்டுபிடிங்க. ஒரு வாரம் அவரு எப்பெப்ப பிங் பண்றாரு, எதப்பத்திக் கேக்கறாருன்னு ஒரு நோட்பேட்ல குறிச்சிட்டு வாங்க, அவரு கேலண்டர் ஓபனா இருந்தா அதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஒரு பேட்டர்ன் தெரியும். நியூயார்க் கிளையண்ட்டோட அங்க காலைல 9 மணிக்குக் கால்னா நமக்கு சாயங்காலம் 6:30, குளிர்காலத்துல 7:30. அந்தக் காலுக்கு முன்னாடி ஒருமணி நேரம்தான் அவருக்கு வயித்தக் கலக்கும், அந்த நேரத்துலதான் உங்க உயிர எடுப்பாரு.

அப்போ நீங்க என்ன பண்றீங்க, 5 மணிக்கே, அவரு கேக்கறதுக்கு முன்னாடியே, அவரு அப்படியே காப்பி பண்ணி மேல அனுப்பற மாதிரி ஒரு மெசேஜ் போடுறீங்க.

(திரையில்: மெசேஜ்)

"பேமென்ட் டிக்கெட் முடிஞ்சது, டெஸ்டிங்க்கு குடுத்தாச்சு. ரிப்போர்ட் வேலை பாதி முடிஞ்சிருக்கு, டேட்டாபேஸ் டீம்கிட்ட இருந்து ஆக்சஸ் வரணும், 3 மணிக்கு நினைவூட்டினேன். நாளைக்குள்ள வரலன்னா வெள்ளிக்கிழமை டேட் தள்ளும். அடுத்த அப்டேட் நாளைக்கு காலைல 11 மணிக்கு அனுப்பறேன்."

இதுல உயிர்நாடி அந்தக் கடைசி வரிதான். அடுத்து எப்ப தகவல் வரும்னு தெரிஞ்சிட்டா பாதிப்பேரு நடுவுல கேக்கறத நிறுத்திடுவாங்க, ஆனா 11 மணின்னு சொன்னா 11 மணிக்கு போகணும், சொல்ல ஒண்ணும் இல்லன்னாலும் "மாற்றம் இல்ல, இன்னும் ஆக்சஸ் வரல"ன்னாவது போகணும், ஒரே ஒரு நாள் விட்டீங்கன்னா மறுபடி மொதல்ல இருந்து. எரிச்சலாத்தான் இருக்கும், அவரு பயத்துக்கு நான் ஏன் மருந்து குடுக்கணும்னு தோணும், நியாயமான கேள்விதான். ஆனா ஒரு நாளைக்கு ஒரு மெசேஜா இருபது பிங்கான்னு கணக்கு பண்ணிப் பாருங்க.

நிறையப் பேரு இதுக்கு நேரெதிராப் பண்றாங்க. அவரு கேக்க கேக்க இவங்க வாயே திறக்கறதில்ல, "முடிச்சிட்டு காட்டுவோம்"னு இருந்துடறாங்க. அவருக்கு சத்தமே வரலன்னா பயம் டபுள் ஆகும். இன்னும் சிலர் மவுஸ தானா அசைக்கிற கருவி வாங்கி வெச்சிக்கறாங்க. தயவுசெஞ்சு வேணாம். 2024ல அமெரிக்கால வெல்ஸ் ஃபார்கோ பேங்க், வேலை செய்யற மாதிரி கீபோர்டு அசைவ போலியா காட்டினாங்கன்னு பத்துப் பேருக்கு மேல வேலைய விட்டே தூக்கிடுச்சு.

மெயில்ல கமா திருத்தறவருக்கு வேற வழி. முழுசா முடிச்சிட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, திருத்தறதுக்குன்னே உக்காந்திருப்பாரு. ஆரம்பத்துலயே ஒரு ஸ்லைடு, ஒரு பேரா மட்டும் காட்டி "இந்த ஃபார்மட் ஓகேவா சார், இதையே எல்லாத்துக்கும் வெச்சிக்கவா?"னு கேட்டு ஓகே வாங்கிடுங்க. அவரு திருத்தின பழைய மெயில டெம்ப்ளேட்டா வெச்சுக்கோங்க. அவரு சொன்னதையே அவரு திருத்தினாருன்னா, அது வேற லெவல், அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஒரு மாசம் இப்படி ஓட்டிட்டு, அதுக்கப்புறம்தான் பேசணும். எடுத்தவுடனே போய்ப் பேசினா கையில ஒண்ணும் இருக்காது. டீம் தினமும் கூடற ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல, நாலு பேரு முன்னாடி பேசவே கூடாது, நம்ம ஊருல அது மானப் பிரச்சன ஆயிடும், அப்புறம் அவரால இறங்கி வரவும் முடியாது. தனியா, ஒன்-ஆன்-ஒன்ல, "நீங்க மைக்ரோமேனேஜ் பண்றீங்க"ங்கற வார்த்தையே வராம:

"சார், போன நாலு வாரமா டெய்லி 5 மணிக்கு அப்டேட் அனுப்பிட்டு இருக்கேன், டேட் எதுவும் மிஸ் ஆகல. இந்த ரிப்போர்ட் மாடியூல் மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் நானே பாத்துக்கட்டுமா? புதன்கிழமை மதியம் உங்களுக்கு ஒரு டெமோ காட்றேன். ஏதாவது சிக்கல் வந்தா அன்னிக்கே சொல்லிடறேன்."

சின்னதா ஒரு துண்டு வேலை, முடியற தேதி, நடுவுல அவரு பாக்கறதுக்கு ஒரு நாள். இத ஒத்துக்க அவருக்குப் பெரிய தைரியம் வேணாம். அந்த ஒண்ணு நல்லாப் போனா அடுத்து கொஞ்சம் பெருசா கேளுங்க.

ராத்திரி 11 மணி மெசேஜ் விஷயம். பிரான்ஸ்ல 2017ல இருந்தும் ஆஸ்திரேலியால 2024 ஆகஸ்ட்ல இருந்தும் வேலை நேரத்துக்கு அப்புறம் விலகி இருக்கற உரிமை சட்டத்துல இருக்கு. இங்க 2018 டிசம்பர்ல சுப்ரியா சுலே எம்.பி. தனிநபர் மசோதாவா கொண்டு வந்தாங்க, அது சட்டமாகல. அதனால இங்க நீங்களேதான் கோடு போடணும்: அவசரம்னா கால் பண்ணுங்க சார், மெசேஜ் காலைல பாக்கறேன். ஆனா ராத்திரி மெசேஜ் வேலையப் பத்தி இல்ல, வேற மாதிரி போகுதுன்னா அது மைக்ரோமேனேஜ்மென்ட்டே இல்ல, வேலை இடத்துல பாலியல் தொல்லையத் தடுக்கற 2013 சட்டப்படி பத்துப் பேரு அதுக்கு மேல இருக்கிற எல்லா ஆபீஸ்லயும் உள்ளகப் புகார்க் குழு இருக்கணும், நேரா அங்க போங்க.

இப்போ அந்த வேற லெவல் ஆளு. தான் சொன்னதையே மாத்துவாரு, மூணு மாசம் ஒழுங்கா அப்டேட் குடுத்தும் குறையல, டீம்ல மத்தவங்கள விட்டுட்டு உங்கள மட்டும் மணிக்கு மணி எழுதிக் குடுக்கச் சொல்றாரு. இது பயம் இல்ல, அப்ரைசல்லயோ பிஐபிலயோ (வேலை சரியில்லன்னு கெடு வெச்சு திருத்தச் சொல்றது) உங்கள கோத்து விடறதுக்கு ஃபைல் தயாராகுதுன்னு சந்தேகப்படலாம். அப்போ நீங்களும் ஃபைல் வெச்சுக்கணும். வாயால சொன்ன ஒவ்வொண்ணுக்கும் "நாம பேசின மாதிரி"னு ஆரம்பிச்சு அன்னிக்கே ரெண்டு வரி மெயில். அவருக்கு மேல இருக்கறவர்கிட்ட போனா குணத்தப் பத்தி பேசாதீங்க, "ஒரே டாக்குமென்ட் அஞ்சு தடவ மாறினதுல டெலிவரி ரெண்டு நாள் தள்ளிச்சு"னு போங்க. எச்ஆர் உங்க ஃபிரெண்ட்னு நெனச்சுப் போகாதீங்க, அவங்க கம்பெனி ஆளு, பேப்பர் இருந்தா கேப்பாங்க.

அதுக்கப்புறமும் மாறலன்னா டீம் மாறுங்க, இல்ல வெளிய பாருங்க. நிறைய இடத்துல நோட்டீஸ் பீரியட் 90 நாள், அதனால முழுசா நொந்து போறதுக்கு முன்னாடியே தேட ஆரம்பிச்சிடணும். புது இன்டர்வியூல "ஏதாவது கேக்கணுமா?"ம்பாங்கல்ல, அங்க "டீம்ல யாரு என்ன பண்றாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியவரும்?"னு கேளுங்க. ஜிரால (வேலைகள பதிஞ்சு வெக்கற டூல்) பாத்துப்பேன், வாரத்துக்கு ஒருதடவ உக்காந்து பேசுவோம்னு சொன்னா சரி. "எல்லாமே என் வழியாத்தான் போகும்"னு பெருமையா சொன்னாருன்னா உஷாராயிடுங்க, அதே டீம்ல வேலை செய்யற யாரையாவது லிங்க்ட்இன்ல புடிச்சு, லீவு போட்ட அன்னிக்கு அவரு எத்தன தடவ கூப்பிடுவாருன்னு கேட்டுட்டு அப்புறமா ஆஃபர்ல கையெழுத்துப் போடுங்க.