அடிமட்டமும் அறக்குளாவும்

வணக்கம் நேயர்களே. மீனில் என்ன நஞ்சு இருக்கிறது என்று பார்க்கிற வேலையிலேயே என் தலை நரைத்தது. அதனால் கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஒரே கேள்விதான்: "ஐயா, திருகோணமலை மீனைச் சாப்பிடலாமா?" "எந்த மீன், எவ்வளவு நீளம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் பாயாசத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

ஆனால் நீளம்தான் விஷயம். பாதரசத்தை எடுங்கள். பள்ளிப் புத்தகத்தில் இரசம் என்று இருக்கும்; சோற்றுக்கு விடுகிற ரசம் இல்லை. கடலில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியில் ஏறி, பாசியைத் தின்னும் சிற்றுயிரில் கூடி, நெத்தலியில் இன்னும் கூடி, நெத்தலியை விழுங்கும் பெரிய மீனில் குவிகிறது. வந்தது இலேசில் வெளியே போகாது. அதனால் ஒரே இன மீனிலும் வயதானதில், அதாவது நீளமானதில் அதிகம். தசையோடு ஒட்டியிருப்பதால் கழுவினாலும் பொரித்தாலும் புளி விட்டுக் காய்ச்சினாலும் போகாது.

தொடக்க காலத்தில் விடியற்காலையில் கரைக்குப் போய், படகு இழுத்ததும் அறக்குளா மீனை மணலில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் பிரியும் கவை வரை அடிமட்டம் பிடித்து நீளம் பார்ப்பேன். ஒரு சம்மாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர், மீனுக்குச் சட்டை தைக்கவோ?" என்றார். அன்றிலிருந்து அந்தக் கரையில் எனக்குத் தையற்காரர் என்றுதான் பெயர். "தையற்காரர் வாறார், மீனை நேரா வையுங்கோ!" இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

சிரிக்காத கதையும் உண்டு. ஒரு வருடம் நேரமில்லை என்று சந்தையில் வெட்டிய துண்டுகளை வாங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். முந்தின வருடத்தைவிட இரண்டு மடங்கு வந்தது. கடல் கெட்டுவிட்டது என்று அறிக்கை எழுதவே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மீன்காரரிடம் கேட்டால், "அது ஆள் நீளச் சாமான், ஐயா" என்கிறார். முந்தின வருடம் நான் அளந்தவை முழங்கை நீளம். கடல் மாறவில்லை, மீன்தான் மாறியிருக்கிறது. ஒரு மாத வேலை குப்பைக்கூடைக்குப் போனது. துண்டை எப்படி அளப்பது, சொல்லுங்கள்?

ஆய்வுகூடத்திலும் இதே கவனம் வேண்டும். எல்லா மீனிலும் முதுகுத் தசையின் ஒரே இடத்தில், தோல் நீக்கி எடுப்போம். தசையைக் கரைக்க விடும் அமிலத்தை, மீனே சேர்க்காமல் வெறுமனேயும் கூடவே அளப்போம். அதில் பாதரசம் காட்டினால் குற்றம் மீனில் இல்லை, எங்கள் போத்தலில்.

ஐரோப்பிய ஒன்றியம் வாள்மீனுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசம் வரை அனுமதிக்கிறது; நெத்தலிக்கும் சாளைக்கும் 0.3 தான். பெரியது பெரியதாகத்தான் சேர்க்கும் என்று சட்டத்துக்கே தெரிகிறது.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறா வறை கொடுப்பார்கள். என் அம்மாவும் மருமகளுக்குச் செய்துகொடுத்தார். பால்சுறா சிறிய இனம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெரிய சுறாவின் துண்டையும் அதே பெயரில் விற்பார்கள். முழு மீனாகப் பார்த்து வாங்குங்கள். கர்ப்பிணிகள் பெரிய சுறா, வாள்மீன் பக்கமே போகவேண்டாம். இந்த நஞ்சு தாய்ப்பாலைவிடத் தொப்புள்கொடி வழியாகத்தான் கூடுதலாகப் போகும். பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால் வந்து, 1956இல் வெளியே தெரியவந்த ஜப்பானின் மினமாட்டா நோயில், தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல் குழந்தை பாதிப்போடு பிறந்ததுண்டு. நெத்தலி, சூடை, கும்பிளா என்றால் எல்லாரும் தாராளமாகச் சாப்பிடலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுத் தம்பி, இன்னும் இரண்டு நிமிடம் என்று இரண்டு விரல் காட்டுகிறார். திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக் குடா மட்டியைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன். சரி, சுருக்கமாக. மீன் ஊர் சுற்றும், மட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த இடத்தின் அழுக்கை அறிய அதுதான் நல்லது. எண்ணெய்க் கசிவைத் தேடவும் மட்டிதான். மீனின் ஈரல் எண்ணெயைச் சிதைத்துப் பித்தத்தில் தள்ளிவிடும், மட்டிக்கு அந்த வல்லமை குறைவு. அப்புறம் கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம்... ஒரு விரல் காட்டுகிறார். கட்மியம் தசையில் குறைவு, உள்ளுறுப்பில் அதிகம். கணவாய் வாங்கினால் குடலையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டுச் சமையுங்கள். வணக்கம்.