மேல்முறையீடு எதற்காக?

நேயர்களுக்கு வணக்கம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில், பூந்தமல்லியில் அமைக்கப்பட்டிருந்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) சிறப்பு நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. தடா வழக்குகளில் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வழியில்லாமல் இருந்ததால், மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மூன்று நீதிபதிகள் அமர்வு பதிவான சாட்சியங்களை மீண்டும் பரிசீலித்து, 1999 மே 11 அன்று நால்வருடைய மரண தண்டனையை மட்டும் உறுதி செய்தது. மூவருடைய தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மற்ற 19 பேர் மீதான கொலைச் சதிக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி அவர்களை விடுவிக்க ஆணையிட்டது. அந்த 19 பேரில் சிலர் செய்த சிறு குற்றங்களுக்கான தண்டனைக்காலம் சிறையிலேயே கழிந்திருந்தது. மேல்முறையீடு வெறும் சம்பிரதாயம் என்று எவரேனும் சொன்னால், நான் முதலில் நினைவூட்டுவது இந்த எண்ணிக்கையைத்தான்.

மேல்முறையீட்டு நீதிபதி பெரும்பாலும் சாட்சியை நேரில் பார்ப்பதில்லை. குறுக்கு விசாரணையில் ஒருவர் தடுமாறியதையும் தயங்கியதையும் கண்டவர் விசாரணை நீதிபதியே. ஆகவே, சாட்சி நம்பத்தக்கவரா என்பதில் அவருடைய கருத்துக்கு மேல்நீதிமன்றம் மதிப்பளிக்கிறது. ஆனால் நம்பப்பட்ட சாட்சியத்திலிருந்து அவர் வந்தடைந்த முடிவு சரியா, சட்டத்தை அவர் சரியாகப் பொருத்தினாரா, தீர்ப்புக்குக் காரணம் எழுதினாரா என்பவற்றை அது தாராளமாகக் கேட்கலாம். தன் தீர்ப்பை இன்னொருவர் வரிவரியாகப் படிக்கப்போகிறார் என்பதை அறிந்தே விசாரணை நீதிபதி எழுதுகிறார். மேல்முறையீடே செய்யப்படாத வழக்குகளிலும் இந்த ஏற்பாட்டின் பயன் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து வரும் மேல்முறையீட்டில் நீதிமன்றங்கள் கூடுதல் எச்சரிக்கை காட்டுகின்றன. குற்றமற்றவர் என்ற அனுமானம் ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பாலும் வலுப்பெற்றுவிட்டது என்பதே காரணம். அந்த எச்சரிக்கை நியாயமானது. அதே நேரத்தில், பாதிக்கப்பட்டவருக்கும் மேல்முறையீட்டு உரிமையை வழங்கி 2009ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அரசு முன்வராத வழக்குகளில் குடும்பத்தினருக்கு ஒரு வழியைத் திறந்தது.

மரண தண்டனையில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அமர்வு நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. தண்டனை பெற்றவர் மேல்முறையீடே செய்யாவிட்டாலும் வழக்கு அங்கே அனுப்பப்பட வேண்டும்.

மற்ற வழக்குகளில் மேல்முறையீடு தானாக நடப்பதில்லை. யாராவது மனுத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்குத் தீர்ப்பின் நகல் கையில் இருக்க வேண்டும். ஹோஸ்கோட் என்பவரின் வழக்கில், நகல் உரிய காலத்தில் தம்மை வந்தடையவில்லை என்று அவர் முறையிட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது; ஆயினும், சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசமாகவும் காலதாமதமின்றியும் தரப்பட வேண்டும், வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு மேல்முறையீட்டுக்கும் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தாம் தோற்ற வழக்கில் அவர் மற்றவர்களுக்குப் பெற்றுத் தந்த உரிமை இது.

இவ்வளவு இருந்தும் மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தால், தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு விடுதலைத் தீர்ப்பு வந்து என்ன பயன்? தண்டனையை நிறுத்திவைத்துப் பிணையில் விடும் அதிகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருப்பது இதற்காகத்தான். குறுகிய காலத் தண்டனைகளில் அந்த அதிகாரம் தயங்காமல் பயன்படுத்தப்பட வேண்டும்.

சிறையில் உறவினர் உள்ள நேயர்கள் கவனிக்கவும்: மரண தண்டனை அல்லாத வழக்குகளில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யக் காலக்கெடு 60 நாள், அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதை மன்னிக்கலாம். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவும் மனுவை அனுப்பலாம். இலவச வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.