வேக்போர்டிங்: தாண்டி வந்த அடிப்படைக்குத் திரும்பிப் போக வேண்டுமா?

[திரை: படகின் பின்னால் ஒரு ரைடர். அகலமாக வெளியே போகிறார், வேகமாக உள்ளே வருகிறார், வேக்கின், அதாவது படகு கிளப்பும் அலையின், உச்சியில் பின்பக்கமாகத் தலைகீழாய்ச் சுழன்று இறங்குகிறார்.]

இப்போது இவர் போட்டது டான்ட்ரம். வேக்போர்டிங்கில், அதாவது படகு கயிற்றால் இழுக்க ஒரு பலகையில் நின்று நீரில் போகும் விளையாட்டில், பலருக்கு முதலில் கைகூடும் தலைகீழ் வித்தை. நன்றாகவே இறங்கினார். சரி, இவரிடம் இன்னும் எளிதாகத் தெரியும் ஒன்றைக் கேட்போம். சுழல வேண்டாம். கால்விரல் பக்கம் சாய்ந்து வந்து, அதாவது டோசைடில், இரண்டு வேக்கையும் ஒரே தாவலில் தாண்டினால் போதும்.

[திரை: அதே ரைடர். டோசைடில் வருகிறார். உச்சிக்குச் சற்று முன்பே பலகை தட்டையாகிறது. கைகள் நீள்கின்றன. இரண்டு வேக்குக்கும் நடுவில் விழுகிறார்.]

வரவில்லை. தலைகீழாகச் சுழலத் தெரிந்தவருக்கு நேராகத் தாண்ட வரவில்லை. இவருக்குத் திறமை குறைவு என்று நினைக்காதீர்கள். கற்ற வரிசையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். நானும் இப்படித்தான் கற்றேன். டான்ட்ரம் வந்த பிறகு இரண்டு பருவம் முழுக்க எனக்குப் புதிதாக ஒன்றுமே வரவில்லை. அதே 180-ஐ, அதாவது காற்றில் அரைச் சுற்று சுற்றும் வித்தையை, மறுபடி மறுபடி முயன்று, அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தேன்.

அந்த நிலையில் இருக்கும் எல்லாருக்கும் வரும் கேள்விதான் இந்த வீடியோ. விட்டுவிட்டு வந்த அடிப்படைகளைத் திரும்பப் போய்க் கற்க வேண்டுமா? அல்லது முன்னே போய்க்கொண்டே இருந்தால் அவை தாமாகச் சரியாகிவிடுமா?

என் பதில்: திரும்பிப் போக வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம். அடுத்து நீங்கள் கற்க விரும்பும் வித்தை எந்த அடிப்படையின் மேல் நிற்கிறதோ, அதற்கு மட்டும். ஏன் என்று பார்ப்போம்.

[திரை: மேலிருந்து ஒரு வரைபடம். படகு, கயிறு, V வடிவில் விரியும் இரண்டு அலைகள்.]

முதலில், அடிப்படை இல்லாமலே எப்படி இவ்வளவு தூரம் வர முடிகிறது? வேகம்தான் காரணம். படகு மணிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, கயிறு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அகலமாக வெளியே போய், அங்கிருந்து முழு பலத்தோடு உள்ளே வெட்டினால், உங்கள் வேகம் படகின் வேகத்தையே மிஞ்சும். அந்த வேகத்தில் வேக்கை எப்படி மோதினாலும் அது உங்களைத் தூக்கி எறியும். மறுபக்கம் போய் விழுவீர்கள். படகில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள். தாண்டியாயிற்று என்று நீங்களும் அடுத்த வித்தைக்குப் போய்விடுவீர்கள்.

ஆனால் அந்தத் தாவலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

[திரை: மெதுவான காட்சி. பலகையின் பின்னால் தெறிக்கும் நீரை ஒரு வட்டம் சுட்டிக்காட்டுகிறது. வேக்குக்கு இரண்டு மீட்டர் முன்பே தெறிப்பு நின்றுவிடுகிறது.]

அந்த நீர்த் தெறிப்பைக் கவனியுங்கள். பலகையின் விளிம்பு நீரை வெட்டிக்கொண்டிருக்கும் வரைதான் அது இருக்கும். வேக்கின் அடிவாரத்திலேயே தெறிப்பு நின்றுவிட்டது என்றால், அங்கேயே அவர் எட்ஜை, அதாவது விளிம்பின் பிடியை, விட்டுவிட்டார், பலகை தட்டையாகிவிட்டது என்று பொருள். அந்த நொடியில் கயிற்றின் இறுக்கமும் போய்விடுகிறது. இனி அவரைக் கொண்டுபோவது வேகம் மட்டும்தான். வேகம் முன்னால் தள்ளும், அவ்வளவாக மேலே தூக்காது. நீளமாக, தாழ்வாகப் பறப்பார்.

இப்போது இதைப் பாருங்கள்.

[திரை: இன்னொரு ரைடர். வேக்கிலிருந்து சில மீட்டர் மட்டுமே வெளியே. மெதுவாகத் தொடங்கிச் சாய்வைக் கூட்டிக்கொண்டே வருகிறார். தெறிப்பு உச்சி வரை தொடர்கிறது.]

இவர் அவசரப்படவில்லை. முதலில் லேசான சாய்வு, வேக் நெருங்க நெருங்கச் சாய்வு கூடுகிறது. எட்ஜ் மிக அதிகமாக இருப்பது உச்சியில். கயிறு மிக இறுக்கமாக இருப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் கால்களை நிமிர்த்தி உயரமாக நிற்கிறார். எதிர்த்து நிற்கும் உடலும் இறுகிய கயிறும் சேர்ந்து அவரை மேலே அனுப்புகின்றன. முன்னவரைவிட வேகம் குறைவு, உயரம் அதிகம். பயிற்றுநர்கள் இதைப் புரோகிரெசிவ் எட்ஜ் என்பார்கள். வேக்போர்டிங்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். இது சரியாக அமையும் தாவலில் உடம்புக்கு ஒரு முயற்சியும் தெரியாது. யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது போல இருக்கும்.

இப்போது டான்ட்ரமுக்கு வருவோம். உச்சியில் குதிகால் பக்க விளிம்பைச் சட்டென்று பதித்து, தடுக்கி விழுவதைப் போலப் பின்னால் சுழலும் வித்தை அது. நேரக் கணிப்பும் துணிச்சலும் வேண்டும். நீண்ட, சீராகக் கூடும் எட்ஜ் கட்டாயமில்லை. அதனால்தான் அடிப்படை இல்லாதவர்களுக்கும் அது வருகிறது. பேக் ரோல் என்ற இன்னொரு தலைகீழ் வித்தை அப்படியில்லை, அது எட்ஜில்தான் பிறக்கிறது. எட்ஜை விட்டுவிட்டால் பாதியில் நின்றுவிடும். ஒருவருக்கு டான்ட்ரம் சுலபமாக வந்து, பேக் ரோல் மாதக்கணக்கில் வராமல் இருந்தால், பேக் ரோலை இன்னும் நூறு முறை முயல்வதில் பயனில்லை.

[திரை: எழுத்து மட்டும். "எது விடுபட்டிருக்கிறது?"]

எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்.

வேக்கிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் மட்டும் வெளியே போய், அங்கிருந்து தாவிப் பாருங்கள். இரண்டாவது வேக்கை எட்டாவிட்டாலும் பரவாயில்லை. மேலே எழும்புகிறீர்களா என்பதுதான் கேள்வி. எழும்பினால் உங்கள் எட்ஜ் வேலை செய்கிறது. அகலமாகப் போனால்தான் தாவவே முடிகிறது என்றால், இதுவரை உங்களைத் தூக்கியது வேகம்தான்.

அடுத்தது டோசைடு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நான் பார்த்தவரை அதிகம் பேர் தாண்டி வருவது இதைத்தான். ஹீல்சைடில், அதாவது குதிகால் பக்கம் சாய்ந்து, வேக்கைக் கடக்கும்போது கயிறு உங்கள் முகத்துக்கு முன்னால் இருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் நிற்பதைப் போலப் பின்னால் சாய்ந்துகொண்டால் போதும், உடம்புக்கே அது தெரியும். டோசைடில் அப்படியே தலைகீழ். கயிறு உங்களைப் பின்னாலிருந்து இழுக்கிறது. இடுப்பில் கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு நடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இடுப்பில் இருக்கும் வரை அவரால் இழுக்க முடியும். அதையே நீட்டிய கையில் பிடித்தால் தோள் திரும்பிவிடும். டோசைடில் ஹேண்டில், அதாவது கயிற்றின் கைப்பிடி, முன்கால் பக்க இடுப்பை விட்டு விலகினால் இதுவேதான் நடக்கிறது. தோள் படகின் பக்கம் திரும்பும், எட்ஜ் போகும், பலகை தட்டையாகும். ஆகவே தாவாமல், வெறுமனே டோசைடில் வேக்கைக் கடந்து மறுபக்கம் போய்ப் பாருங்கள். கடந்த பிறகும் ஹேண்டில் இடுப்பை ஒட்டி இருக்கிறதா? இல்லையென்றால் தாவல் பிறகு.

மூன்றாவது ஸ்விட்ச். வழக்கமாகப் பின்னால் வைக்கும் காலை முன்னால் வைத்து ஓட்டுவது. எனக்கு 180 ஏன் வரவில்லை என்பதற்கான விடை இங்கேதான் இருந்தது. ஹீல்சைடில் தாவி, நெஞ்சு படகைப் பார்க்கும்படி அரைச் சுற்று சுற்றினால், இறங்கும்போது இரண்டு விஷயம் மாறியிருக்கும். முன்கால் மாறியிருக்கும், எட்ஜும் மாறியிருக்கும். ஹீல்சைடில் கிளம்பியவர் ஸ்விட்ச் டோசைடில் இறங்குகிறார். நான் அதுவரை ஸ்விட்சில் டோசைடு எட்ஜ் பிடித்ததே இல்லை. காற்றில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நீரில் பட்ட அடுத்த நொடி எனக்குத் தெரியாத ஓர் இடத்தில் நின்றேன். தவறான விளிம்பு நீரில் சிக்கும், முகம் குப்புற அடிக்கும். சுற்றுவதில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு பருவம் சுற்றுவதையே பயிற்சி செய்தேன்.

[திரை: பழைய ஒற்றை முனைப் பலகையின் கோட்டோவியம். அது மெல்ல இருபுறமும் ஒரே மாதிரியான பலகையாக மாறுகிறது.]

இங்கே கொஞ்சம் வரலாறு. 1985-இல் டோனி ஃபின் ஸ்கர்ஃபர் என்ற பலகையைக் கொண்டுவந்தபோது, அது சர்ஃப் பலகையின் சாயலில், முன்பக்கம் பின்பக்கம் தெளிவாகத் தெரியும்படி இருந்தது. 1990-இல் ஹெர்ப் ஓ'பிரையன் ஹைப்பர்லைட் பலகையை வெளியிட்டார். மிதக்கவும் செய்யாமல் மூழ்கவும் செய்யாமல் நீரில் அடங்கி நிற்கும் பலகை அது. அதனால் ஆழ்நீரில் எழுந்து நிற்பது எளிதானது. இரண்டு முனையும் ஒரே மாதிரியான பலகை அதன் பிறகுதான் பரவியது. அந்தப் பலகை வந்த பிறகே ஸ்விட்சில் ஓட்டுவது எல்லாருக்கும் தேவையான ஒன்றாக மாறியது. அடிப்படை எது என்பதை யாரோ ஒருநாள் பட்டியல் போட்டு முடிவு செய்யவில்லை. மேலே என்ன வித்தைகள் வந்தனவோ, அவை கேட்டதெல்லாம் அடிப்படையாயிற்று. உங்களுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அப்படியென்றால் எதற்குத் திரும்ப வேண்டாம்? நீரிலிருந்து எழும் விதம் பாடப்புத்தகம் சொல்வது போல இல்லையா? எழுந்துவிடுகிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். நீரின் மேல் பலகையை வழுக்கும் சின்ன வித்தைகள் தெரியாதா? பிடித்தால் கற்கலாம். கைகளின் அழகு, உடலின் தோரணை எல்லாம் அவரவர் பாணி. ஆனால் இறங்கும்போது முழங்காலை மடக்கித் தாங்கத் தெரியவில்லை என்றால் அதற்குக் கட்டாயம் திரும்புங்கள், எந்த வித்தையைக் கற்பதாக இருந்தாலும். வேக்கின் சரிவைத் தாண்டித் தட்டையான நீரில் விறைத்த காலோடு இறங்குவது முழங்காலுக்கு ஆபத்து. ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிவது இந்த விளையாட்டில் நன்கு அறியப்பட்ட காயம்.

கேபிளில், அதாவது படகுக்குப் பதிலாக மேலே ஓடும் கம்பிவடம் இழுக்க, ஓட்டிப் பழகியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கயிறு மேலிருந்து இழுக்கிறது, வேக் கிடையாது. படகுக்கு வரும்போது கிக்கர் என்ற சாய்தளத்தில் பெரிய வித்தைகள் போடுபவர்களும் வேக்கில் தடுமாறுவார்கள். உங்களிடம் எட்ஜ் இருக்கிறது, புதிதாகக் கற்க வேண்டியது உச்சியில் நிமிரும் நேரத்தை மட்டும்தான். தொடக்கத்திலிருந்து போக வேண்டாம்.

[திரை: படகில் கயிற்றைக் குறுக்கி மாட்டும் கைகள்.]

இனி, எப்படித் திரும்புவது. 1967-இல் ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள், உடல் திறன் மூன்று கட்டமாகப் பதிகிறது என்று எழுதினார்கள். முதலில் யோசித்துச் செய்கிறோம், பிறகு பிழையைக் குறைக்கிறோம், கடைசியில் யோசிக்காமல் செய்கிறோம். உங்கள் பழைய பழக்கம் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. புதியது முதல் கட்டத்தில். பயம் வந்தாலோ களைப்பு வந்தாலோ உடம்பு பழையதைத்தான் எடுக்கும். ஆகவே பயமும் களைப்பும் இல்லாத இடத்தில் புதியதைப் பழக வேண்டும்.

பயத்தைக் குறைக்கக் கயிற்றைக் குறைக்கலாம். படகிலிருந்து விலக விலக வேக் அகலமாகிறது, நெருங்கினால் குறுகிவிடும். 20 மீட்டரில் ஓட்டுபவர் 16-க்கு இறங்கலாம். வேகத்தையும் 30, 31-க்குக் குறைத்துவிடுங்கள். பெரிய வெட்டுக்கு இங்கே தேவையே இல்லை, அதனால் பழைய பழக்கத்துக்கும் வேலை இருக்காது. களைப்பைத் தவிர்க்க, ஒவ்வொரு முறையும் நீரில் இறங்கிய முதல் ஐந்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டினால் கடைசியில் பிடியே தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் அடிப்படையைத் திருத்தப் போனால் தவறைத்தான் பழகுவீர்கள். ஐந்து நிமிடத்தில் ஒரே விஷயம், ஒற்றை வேக் தாவல் மட்டும். படகில் இருப்பவரிடம் ஃபோனைக் கொடுத்து, நீர்த் தெறிப்பு எங்கே நிற்கிறது என்பதை மட்டும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மீதி நேரத்தில் உங்களுக்கு வரும் வித்தைகளைப் போடுங்கள். அவற்றை நிறுத்திவிடாதீர்கள், நீரில் இறங்கும் ஆசையைக் காப்பாற்றுவது அவைதான்.

முதல் சில நாள்களில் எல்லாம் மோசமாகும், இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக வரும் தாவல்கூடச் சொதப்பும். பழையது கலைந்து, புதியது இன்னும் படியாத இடைவெளி அது. பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். என்னோடு படகில் வந்தவர்கள் எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். டான்ட்ரம் போட்டவன் ஒற்றை வேக்கில் குட்டித் தாவல் தாவிக்கொண்டிருந்தால் கேட்கத்தான் செய்வார்கள். உங்களிடமும் கேட்பார்கள். என்ன செய்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓட்டுநரிடமும் சொல்லுங்கள், அவர் வேகத்தைச் சீராகப் பிடிப்பார்.

[திரை: முதல் காட்சியில் வந்த ரைடர். கயிறு குறுகியிருக்கிறது. ஹீல்சைடில் மெதுவாகச் சாய்ந்து வருகிறார்.]

எனக்கு ஸ்விட்ச் டோசைடு பிடிபட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மாதத்தில் நான் 180-ஐத் தொடவே இல்லை. பிறகு ஒரு காலை, ஐந்து நிமிடம் முடிந்ததும், கயிற்றை நீட்டாமலே ஒருமுறை சுற்றிப் பார்க்கத் தோன்றியது. உயரம் குறைவான, சோம்பலான அரைச் சுற்று. பலகை நீரில் பட்டது. வலது கால் முன்னால் இருந்தது. விரல் பக்கம் சாய்ந்தேன். ஹேண்டில் இடுப்பிலேயே இருந்தது. வேக்கிலிருந்து விலகி வெளியே போய்க்கொண்டே இருந்தேன், கயிறு இறுக்கமாகவே இருந்தது.